அறுபத்திரண்டு அடி

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மனுஷனை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? வால்வு என்றுதான் கூப்பிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு வால்வு மாமா, பெரியவர்களுக்கு வெறும் வால்வு, குடத்தோடு காத்திருந்து கடுப்பான பெண்களுக்கு ‘அந்த வால்வு’. அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு மோட்டார் அறையைத் திறந்து, சுவிட்சைத் தட்டி, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். மேலத் தெரு, நடுத்தெரு, பள்ளிக்கூடத் தெரு என்று ஒவ்வொரு குழியாகக் குனிந்து திருகிவிட்டு வீடு திரும்ப எட்டரை ஆகும். பதிமூன்று வருஷத்தில் அவர் போட்ட லீவு மொத்தம் நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஊர் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்காதீர்கள்.

இப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் அவர் ஒரு பொய் எழுதினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம் எழுதினார். இதைக் கடைசிவரை மறைத்துவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்.

ஊருக்கே தண்ணீர் தருவது மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆழ்துளைக் கிணறு. திங்கட்கிழமை தோறும் அதில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். அளக்கிற முறை லேசுதான். நீளமான எஃகு டேப்பின் நுனியில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, குண்டு கட்டி, குழாய்க்குள் இறக்க வேண்டும். மேலே இழுத்தால் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று தெரியும். இறக்கிய நீளத்தில் நனைந்ததைக் கழித்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். முதல் இரண்டு வருஷம் வால்வு இதைச் சாமி கும்பிடுகிற மாதிரி செய்தார். மூன்றாம் வருஷ ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை குண்டு உள்ளே எங்கோ ஒயரில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். டேப் பட்டென்று அறுந்து, பாதி கையில், பாதி கிணற்றுக்குள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம். மோட்டாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்தார். ஊராட்சி மன்ற அலுவலகத்தில் போய், “டேப் தேஞ்சு போச்சு சார், புதுசு ஒண்ணு வேணும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வார நோட்டில் எதையாவது எழுத வேண்டுமே? போன வாரம் அறுபத்திரண்டு அடி. இந்த வாரமும் அறுபத்திரண்டு என்று எழுதினார். அடுத்த வருஷமும் டேப் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் அவர் கேட்கவும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, பொய்யையும் அவர் நேர்த்தியாகத்தான் எழுதினார். வெயில் காலத்தில் ஒரு அடி இறக்குவார், மழை பெய்தால் ஒன்றரை அடி ஏற்றுவார். நீல மை, கோடு போட்ட பத்தி, முத்து முத்தான எழுத்து. குழாயில் தண்ணீர் வரும் நேரம் முக்கால் மணியிலிருந்து அரை மணியாகி, பிறகு இருபது நிமிஷமானபோது பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். “தண்ணிக்கெல்லாம் ஒண்ணும் குறைச்சல் இல்லம்மா, மோட்டார்தான் கிழடு தட்டிப் போச்சு” என்றார். புது மோட்டார் கேட்டு மூன்று மனு எழுதியவரும் அவரே. இதில் வேடிக்கை என்னவென்றால், மோட்டார்தான் காரணம் என்று அவரும் மனசார நம்பினார். நோட்டில்தான் அறுபத்திரண்டு என்று இருக்கிறதே!

இந்த நேரத்தில்தான் ஊருக்கு மேற்கே இருக்கிற மேட்டு நிலத்தில் எண்ணூற்று நாற்பது வீடு கட்டப்போவதாக ஒரு நிறுவனம் பலகை நட்டது. ஊரே மொத்தம் நூற்றுத் தொண்ணூறு வீடு. வரப்போகிற வீடுகளுக்கும் தண்ணீர் இதே மண்ணுக்கடியிலிருந்துதான். அந்தப் பலகையைப் பார்த்ததும் முதலில் குதித்தெழுந்தது வால்வின் அக்கா.

அக்கா தையற்காரி. தம்பியைவிட ஏழு வயது மூத்தவள். கடைத்தெரு முனையில் ஒற்றை அறை, இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அளவு ரவிக்கைகள். ஊரில் எந்தப் பெண்ணின் தோள்பட்டை எந்தப் பக்கம் சரியும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. அளவெடுக்க வந்தவர்கள் ஒருவரையும் கையெழுத்து வாங்காமல் அவள் வெளியே விடவில்லை. இரண்டு மாதத்தில் முந்நூற்றுப் பதினேழு ஆட்சேபக் கடிதம் சேர்த்துவிட்டாள். நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து, “உங்க கடைக்கே எண்ணூறு வீட்டுத் துணி வரும்க்கா, யோசிச்சுப் பாருங்க” என்று நயமாகப் பேசியபோது, “துணி வரும். துவைக்கத் தண்ணிக்கு எங்க போறது?” என்று கேட்டு வாயை அடைத்தாள்.

அவளுடைய எதிர்ப்புக்கு அச்சாணியே தண்ணீர்தான். மற்றவர்கள் சாலை நெரிசல், மேய்ச்சல் நிலம் என்று என்னென்னவோ சொன்னார்கள். அவள் மட்டும், “எல்லாத்துக்கும் அவங்க ஒரு பதில் வெச்சிருப்பாங்க. தண்ணிக்கு மட்டும் பதில் கிடையாது” என்றாள்.

பதில் இருந்தது. அதை அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவள் தம்பி.

நிறுவனத்திலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் மோட்டார் அறைக்கு வந்திருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசு, மரியாதையான பேச்சு. கிணற்றை அளந்து பார்க்க வேண்டும், ஆறு மணி நேரம் மோட்டாரை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். கிணற்றுக்குள் கிடக்கும் பாதி டேப் வால்வுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. “எதுக்கும்மா வீணா நிறுத்திக்கிட்டு? எல்லாம் நோட்டுல இருக்கே” என்று நோட்டுகளை எடுத்து நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்து அசந்துபோனாள். “ஐயா, ஒரு வாரம்கூட விடாம எழுதியிருக்கீங்களே! இவ்வளவு ஒழுங்கா நான் எங்கயும் பாத்ததே இல்ல.” வால்வுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அவள் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று நோட்டை விரித்துப் பிடித்தார். பாவி மனுஷன்!

ஒரு மாதம் கழித்து நிறுவனத்தின் அறிக்கை வந்தது. அக்கா கடையில் வைத்து உரக்கப் படித்தாள். வால்வு வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். “ஊரின் சொந்தப் பதிவேட்டின்படி, பதினோரு ஆண்டுகளாக நிலத்தடி நீர் அறுபத்திரண்டு அடியில் மாறாமல் நிற்கிறது. எனவே கூடுதல் குடியிருப்புகளுக்குத் தாராளமாகப் போதும்.”

படித்து முடித்து அக்கா நிமிர்ந்தாள். வால்வு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றார். ஆனால் அவள் கோபம் வேறு பக்கம் பாய்ந்தது.

“பாத்தியாடா அநியாயத்தை! உன் நோட்டுல இருக்கறதை மாத்தி எழுதியிருக்கானுங்க. மேலத் தெருவுல இருபது நிமிஷம்கூடத் தண்ணி வரல, இவனுங்களுக்கு அறுபத்திரண்டு அடியாம்! போட்டோ புடிச்சுட்டுப் போனாளே ஒருத்தி, அவ வேலைதான் இது.”

“அக்கா, அது வந்து…”

“நீ ஒண்ணும் பயப்படாத. அடுத்த வியாழக்கிழமை விசாரணைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. நீ அசல் நோட்டை மட்டும் எடுத்துட்டு வந்துடு. எல்லார் முன்னாடியும் இவங்க குட்டை உடைக்கிறேன். என் தம்பி கைப்பட எழுதினதை எவன் மாத்தறான்னு பாத்துடறேன்.”

அவள் ஒருநாள்கூட அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை. தம்பி எழுதியது, அதனால் சரியாக இருக்கும். அவ்வளவுதான் அவளுக்கு.

அன்று வால்வு சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் ஊர் அடங்கியிருந்த நேரத்தில் ஒரு வேலை செய்தார். புது நூல் கயிறு ஒன்று வாங்கி, அக்கா கடையிலிருந்து ஒரு தையல் டேப்பைக் கேட்டு வாங்கி வந்து, மோட்டார் அறைத் தரையில் உட்கார்ந்து பத்தடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். நுனியில் ஒரு பெரிய நட்டைக் கட்டினார். மோட்டாரை நிறுத்தி மணிக்கணக்காகியிருந்தது. தண்ணீர் தன் மட்டத்தில் நின்றிருக்கும். கயிற்றை இறக்கினார். அறுபதில் இழுத்துப் பார்த்தார், காய்ந்த கயிறு. எண்பது, நூறு, காய்ந்த கயிறு. நூற்று இருபதிலும் காய்ந்த கயிறுதான். கடைசியில் ஈரம் தட்டியது நூற்று நாற்பத்தெட்டு அடியில். மோட்டார் தொங்குவது நூற்று அறுபதில்.

பன்னிரண்டு அடி. அதற்கு மேல் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. எண்ணூறு வீடு வருவது இருக்கட்டும், இருக்கிற நூற்றுத் தொண்ணூறு வீட்டுக்கே எத்தனை வருஷம் தாங்கும்? வருஷா வருஷம் ஏழெட்டு அடி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அளந்திருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர்தான், அவர் முத்து முத்தாக அறுபத்திரண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஈரக் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“என்னங்க இது, குழந்தைப் புள்ள மாதிரி? ஒரு டேப் அறுந்ததுக்கா பதினோரு வருஷம் பொய் எழுதுனீங்க?”

“நீ வேணா அக்காகிட்ட சொல்லேன்.”

“நல்லா இருக்கே கதை! நான் போய்ச் சொன்னா நாத்தனார்கிட்ட புருஷனைப் பத்திக் கோள் மூட்டினவள்னு ஆகும். உங்க வாயால நீங்க சொல்லுங்க. வியாழக்கிழமைக்கு முன்னாடி சொல்லுங்க. அவங்க கூட்டத்துல போய் நிக்கறதுக்கு முன்னாடி.”

போனார். மூன்று தடவை போனார். முதல் தடவை கடையில் நான்கு பெண்கள். இரண்டாம் தடவை அக்கா வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒருத்திக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை தனியாகத்தான் இருந்தாள். அறிக்கையில் அந்த வரியைச் சிவப்பு மையால் வளைத்து வைத்திருந்தாள். பேசப்போவதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, மெஷினுக்கு மேலே ஒட்டி, தைத்துக்கொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“எனக்கு நாலு பேர் முன்னாடி பேசி வழக்கமில்லடா. கை காலெல்லாம் உதறுது. நீ பக்கத்துல நின்னுக்கோ. உன்னை நம்பித்தான் நான் எந்திரிச்சு நிக்கப்போறேன்.”

“சரிக்கா” என்றார் வால்வு. கேட்கிறவர்களுக்கு ஆத்திரமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு அவருக்கு நெஞ்சுரம் இல்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் அதிகாரி, ஒரு பக்கம் நிறுவனத்தின் வக்கீலும் அந்த இன்ஜினியர் பெண்ணும். அக்காவின் முறை வந்ததும் காகிதத்தைப் பிரிக்காமலே எழுந்தாள். குரல் உதறவில்லை.

“ஐயா, நான் துணி தைக்கிறவ. அளவு மாறினா எனக்குத் தெரியும். இந்த அறிக்கைல அளவை மாத்தியிருக்காங்க. என் தம்பி பதிமூணு வருஷமா வாரா வாரம் அளந்து எழுதற நோட்டை இந்தப் பொண்ணு படம் புடிச்சுட்டுப் போச்சு. போன இடத்துல திருத்தியிருக்காங்க. அசல் நோட்டு இங்கயே இருக்கு. ஒத்துப் பாருங்க!”

கூடம் கொதித்துவிட்டது. “ஃபிராடு!”, “வெளிய அனுப்புங்க அவளை!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். இன்ஜினியர் பெண் எழுந்து நின்றாள். “நான் எதையும் மாத்தலைங்க… சத்தியமா மாத்தல” என்றாள். யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தில் கண்ணால் யாரையோ தேடினாள். வால்வைக் கண்டுபிடித்தாள். “ஐயா, நீங்களாவது சொல்லுங்கய்யா” என்றாள்.

டீ வாங்கிக் கொடுத்தபோது சிரித்த முகம். இரண்டு பெண்கள், ஒருத்தி இவரை நம்பிப் பழி சொல்கிறாள், இன்னொருத்தி இவரை நம்பிப் பழி சுமக்கிறாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நோட்டுகளைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தார்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. நோட்டுலயும் அறுபத்திரண்டுதான் இருக்கு. எழுதினது நான்தான். அளக்காம எழுதினேன்.”

“எவ்வளவு நாளா?” என்றார் அதிகாரி.

“பதினோரு வருஷமா.”

வால்வு அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. டேப் அறுந்ததிலிருந்து நூல் கயிறு வரைக்கும் சொன்னார். நூற்று நாற்பத்தெட்டு என்று சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. “இத்தனை வருஷம் பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி நம்பறது? திட்டத்தை நிறுத்தறதுக்காக அக்காவும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கலாமே?”

“நம்ப வேணாம் சார்” என்றார் வால்வு. “என்னை யாரும் நம்ப வேணாம். காலைல எட்டு மணிக்கே மோட்டாரை நிறுத்தியாச்சு. அந்தப் பொண்ணையே அளக்கச் சொல்லுங்க.”

கூடமே எழுந்து மோட்டார் அறைக்கு நடந்தது. இன்ஜினியர் பெண்ணின் காரில் தண்ணீரைத் தொட்டதும் கூவுகிற கருவி ஒன்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே அதை இறக்கினாள். அறுபத்திரண்டைத் தாண்டியது, கூவவில்லை. நூறைத் தாண்டியது. வக்கீல் போனைப் பார்க்க ஆரம்பித்தார். கூவியபோது அவள் குனிந்து படித்து, நிமிர்ந்து, தன் நிறுவனத்து வக்கீலைப் பார்த்தே சொன்னாள்: “நூத்தி நாப்பத்தொன்பது அடி.”

அனுமதி அந்த இடத்திலேயே நின்றது. ஒரு வருஷம் வாரா வாரம் அளக்க வேண்டும், ஊர்ப் பிரதிநிதி ஒருவர் கூடவே இருந்து எழுத வேண்டும், பிறகுதான் எதுவும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் எழுதினார். இந்த மட்டத்தில் தினமும் மோட்டார் ஓடக்கூடாது. ஊருக்கு இனி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். வால்வின் இரும்புச் சாவியை அன்றைக்கே வாங்கி மேலத் தெரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அக்கா கருவியைச் சுருட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் பெண்ணிடம் போனாள். “தெரியாம பேசிட்டேன்மா. உன்னை என் வாயால திருடின்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ” என்று இரண்டு கையையும் கூப்பினாள். அவள் பதறி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வால்வு நான்கடி தள்ளி நின்று இதைப் பார்த்தார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பை அறுபது வயசுக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள், ஆனால் பார்க்கவில்லை.

ஊர் ஒரு விசித்திரம். வேலை போன மனுஷனைக் காறித் துப்பும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். இரண்டு பேர் திட்டினார்கள், உண்மைதான். மற்றவர்கள், “வால்வு மட்டும் வாயைத் திறக்கலைன்னா எண்ணூறு வீடு வந்து உக்காந்திருக்கும்” என்று தட்டிக்கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அக்கா கடையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றால் கேட்கும். மனைவி இரண்டு முறை நாத்தனாரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். “அவன் சாப்பிடறானா?” என்று மட்டும் கேட்டாளாம்.

ஊர்ப் பிரதிநிதியாக யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே வாயாக டெய்லர் அக்கா என்றார்கள். புது எஃகு டேப்பும் வந்தது, எலக்ட்ரீஷியனுக்கு அதை இறக்கும் முறை தெரியவில்லை. பதினோராம் நாள், திங்கட்கிழமை காலையில் அக்கா வால்வின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் புது நோட்டு.

“வா. டேப்பை எப்படி இறக்கறதுன்னு எனக்குத் தெரியாது.”

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். குண்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். எங்கும் சிக்காமல், விரல் விரலாக விட்டு இறக்கினார். மேலே இழுத்து, நனைந்த இடத்தைப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழித்துப் பார்த்தார்.

“நூத்தி நாப்பத்தொன்பதே கால், அக்கா.”

அவள் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். எழுதவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, டேப்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். வெள்ளைப் பூச்சு எங்கே முடிந்து ஈரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். உதட்டுக்குள் கழித்துப் பார்த்தாள். பிறகுதான் எழுதினாள், நூற்று நாற்பத்தொன்பதே கால்.

அவள் தானே வாங்கிப் பார்த்தது நியாயம்தான். அவள் இடத்தில் யார் இருந்தாலும் பார்த்திருப்பார்கள். அது வால்வுக்கும் தெரியும். தெரிந்தும், டேப்பைத் துடைத்துச் சுருட்டும்போது அவருக்குக் கை ஓடவே இல்லை.